பாலம் ஏறாத காரும் ஒரு முழம் மல்லியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உப்புமாவுக்கு எடுத்த ரவையில் வண்டு ஓடியது. சலித்துவிடலாம் என்று சல்லடையைத் தேடினால் ஆணியில் அது இல்லை. பாத்திரக் கூடையில் இல்லை. மாவு டின்னுக்குப் பின்னாலும் இல்லை.

"என்னங்க, ரவை சல்லடையப் பாத்தீங்களா?" என்று கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

பதில் வரவில்லை. என் கணவர் தணிகாசலம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றால், கேட்ட பொருள் அவருடைய காரில் இருக்கிறது என்று அர்த்தம். என் நகப்பூச்சு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிளாஸ்திரி, மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையம் எல்லாம் அந்த வழியில் போனவைதான்.

ஷெட்டுக்குப் போனேன். காரின் பானெட்டில் பெரிய ஓட்டை ஒன்றை வெட்டியிருந்தார்கள். அதன் வழியாக ஒரு அலுமினியக் கழுத்து மேலே நீண்டிருந்தது. அந்தக் கழுத்தின் வாயில், இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டு, என் சல்லடை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மெக்கானிக் டேவிட், மருமகனுக்கு மொட்டை போட்டு முடித்த தாய்மாமன் மாதிரி பெருமையாக நின்றார்.

"இன்னா சிஸ்டர், எப்டி கீது நம்ம ஐட்டம்?"

"அது என் ரவை சல்லடை."

"அதான் சிஸ்டர் மேட்டரே. கம்பெனி ஏர் ஃபில்டரு வர்றதுக்கு லேட் ஆவுமாம். இத்த பாரு, அளவெடுத்து செஞ்ச மாரி குந்திகினு கீது."

காருக்கு அடியிலிருந்து என் கணவர் தலையை மட்டும் நீட்டி, "உப்புமா வேணாம் விஜி, இட்லி வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

சல்லடைக்காகக் கோபப்படுவதா, மகளின் கல்யாணம் நெருங்கிய வீட்டில் பானெட்டை வெட்டி வைத்திருப்பதற்காகக் கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இட்லி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே வந்துவிட்டேன்.

கோழி அடைகாத்த சீட்

இந்தப் பத்தியை இத்தனை வாரமாக எழுதுகிறேன், அந்தக் காரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் அவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, லேமினேட் செய்து, ஷெட்டில் மாட்டிவிடுவார் என்ற பயம்தான் காரணம். இந்த வாரம் வேறு வழியில்லை.

எங்களுடையது முடிச்சூர்க் குடும்பம். மாமனார் காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் விளைந்திருக்கின்றன. அவற்றுக்கு மணலும் ஜல்லியும் செங்கல்லும் விற்பது என் கணவரின் வியாபாரம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பங்களாவுக்கு மணல் இறக்கப் போனவர், சாயங்காலம் ஒரு காரை லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் மணலுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். இழுக்கக் கயிறு கொடுத்ததும் அவர்தானாம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். மேற்கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். கதவின் உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஓட்டுகிறவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை அதைக் கிளப்பக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, அந்தக் காரில் குடும்பத்தோடு முதலில் உட்கார்ந்தது கோழிதான்.

பிறகு அந்தப் பெருமழை வருஷம் வந்தது. முடிச்சூரே ஏரியாகி, நாங்கள் மாடியில் உட்கார்ந்திருந்தபோது, காரின் முன்கண்ணாடி விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அவர் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்ததும் டேவிட் வந்து டூல்பாக்ஸைத் திறந்தார். உள்ளே ஒரு கெளுத்தி மீன், உயிரோடு.

"வண்டி பூட்ச்சு சார், மீனு பொயச்சிகிச்சு" என்று சொல்லி, மீனைப் பையில் போட்டுக்கொண்டு இன்ஜினைக் கழற்ற ஆரம்பித்தார்.

இன்ஜின் மறுபடி ஓடியது. ஆனால் அதற்கு மூச்சு குறைந்துபோயிருந்தது. சமதரையில் ஓடும். மேடு வந்தால் இருமும், இழுக்கும், நின்றுவிடும். நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாகவே காலத்தைக் கழித்தவள் நான். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆளுக்கோர் இடம்

முடிச்சூர் தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது. எங்களுக்கு வேண்டியவை எல்லாம் கிழக்கே: மகள் கயல்விழியின் பள்ளிக்கூடம், சொந்தக்காரர்கள், நல்ல பிரியாணி. நடுவில் ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் தண்டவாளமும். இரண்டையும் தாண்டிப் போகிறது தாம்பரம் மேம்பாலம். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பாலத்தில் எங்கள் கார் ஒரு தடவைகூடத் தானாக ஏறியதில்லை. கீழே மின்சார ரயில் போவது தெரிகிற இடம்வரை வந்து, பெருமூச்சு விட்டு நின்றுவிடும்.

அதனால் எங்கள் வீட்டில் தள்ளுவதற்கென்று ஒரு முறை ஏற்பட்டது. கயல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருவாள், நான் ஸ்கூட்டரில் பின்னால் வருவேன். கார் நின்றதும் கயல் கதவைத் திறக்காமல் தாண்டிக் குதித்து, இடது பின் மட்கார்டுக்குப் போய்விடுவாள். நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு வலது மட்கார்டுக்குப் போவேன். "நியூட்ரல்ப்பா!" என்று அவள் கத்துவாள். உச்சிவரை தள்ளி, அங்கே அவள் தாவி ஏறிக்கொள்ள, சரிவில் உருட்டி செகண்ட் கியரில் விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

பள்ளிச் சீருடையோடு அவள் தள்ளிக்கொண்டிருக்கும்போது, அவள் வகுப்புப் பிள்ளைகள் பஸ் ஜன்னலிலிருந்து கைதட்டிக்கொண்டு போவார்கள். அவள் அழமாட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசமாட்டாள், அவ்வளவுதான். அவரும் ஷெட்டுக்குப் போய் காரிடம் பேசமாட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. பெண்ணைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்துப் போக வேண்டும். கயலுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சேலையூரில் மண்டபமும் பிடித்துவிட்டோம். சேலையூர் கிழக்கே இருக்கிறது. பெண் அழைப்புக்கு என்ன வண்டி என்று பேச்சு வந்தது.

"என் கார்லதான் கயல் வரணும்" என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

"வரேம்பா" என்றாள் கயல். "ஆனா பட்டுப் புடவையக் கட்டிக்கிட்டு நான் இறங்கித் தள்ள மாட்டேன். நடுப்பாலத்துல நின்னுச்சுன்னா, கல்யாணம் முடிஞ்ச கையோட அந்த வண்டியக் குடுத்துடணும். சத்தியம் பண்ணு."

அவர் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

எனக்கு அந்தக் காரைப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் சத்தியம் செய்த கையோடு அவர் நேரே ஷெட்டுக்குப் போனார். கார் போய்விட்டால் இந்த மனுஷன் சாயங்கால வேளைகளில் எங்கே போய் உட்காருவார் என்ற கவலை எனக்கு வந்துவிட்டது.

லண்டனிலிருந்து வந்த கிரைண்டர்

பழைய கார் பைத்தியங்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் யாரோ சொன்ன வைத்தியம்தான் சூப்பர்சார்ஜர். இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாதபோது, பெல்ட்டில் சுழலும் இந்தக் கருவி வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, உள்ளே தள்ளும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பலம் கூடும். என் கணவர் காய்கறி வந்த காகிதத்தில் வரைந்து காட்டினார்.

"இது வெண்டிலேட்டர்" என்றேன்.

"அப்ப உனக்குப் புரியுது!" என்று துள்ளினார். வயசான நுரையீரலுக்குள் காற்றை வேகமாக அடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கருவி லண்டனில் இருக்கும் என் மாமா மகன் ரகுவின் பெட்டியில், சாக்லேட்டுக்கும் கம்பளிக்கும் நடுவே பயணம் செய்தது. இங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டார்களாம். பயந்துபோன ரகு, "கிரைண்டர் பார்ட்ஸ் சார்" என்றிருக்கிறான். இங்கிருந்து கிரைண்டர் கொண்டுபோகிறவர்களை அந்த அதிகாரி நிறையப் பார்த்திருப்பார். அங்கிருந்து இங்கே கொண்டுவருகிறவனை அன்றுதான் பார்த்திருக்கிறார். ரகுவைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினாராம்.

வீட்டில் பிரித்தபோது என் நாத்தனார் கோமளா அக்கா வந்திருந்தார். என் கணவருக்கு மூத்தவர். பக்கத்துத் தெருவில் வீடு. எங்கள் வீட்டு நல்ல காரியங்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை.

"கிரைண்டர்ன்றான், குழவி எங்கடா?" என்று கேட்டார்.

என் கணவர் மறுபடியும் காகிதம் எடுத்து வரைந்தார். கோமளா அக்கா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரி, காத்த அரைக்கிற கிரைண்டர்" என்று முடித்துவைத்தார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பொன்றும் இல்லை.

புதிதாக வருகிற எந்த இயந்திரத்துக்கும் கோமளா அக்கா பொட்டும் பூவும் வைக்காமல் விடமாட்டார். எங்கள் வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கயலின் லேப்டாப்புக்கும் அவர் கையால்தான் குங்குமம். ஒரு ஆயுத பூஜையன்று என்னைப் பார்க்க வார்டுக்கு வந்தவர், மூலையில் இருந்த புது வெண்டிலேட்டருக்குச் சந்தனம் வைத்து, குழாயில் சாமந்தியும் சொருகிவிட்டார். நல்லவேளை, அப்போது அதில் நோயாளி யாரும் இல்லை. எங்கள் பெரிய டாக்டர் அதைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தலைகீழ் மூச்சு

டேவிட்டுக்குப் பெருங்களத்தூரில் பட்டறை. அவருக்குத் தெரியாத வண்டி உலகத்தில் இல்லை. இதை அவரேதான் சொல்வார்.

வந்த சூப்பர்சார்ஜர் வேறு ஏதோ மாடலுக்காகச் செய்தது. இன்ஜினுக்கு வலது பக்கம் உட்கார வேண்டியது. எங்கள் காரில் வலது பக்கம் ஸ்டியரிங் தண்டு இருந்தது.

"இன்னா இப்போ? திருப்பி வெச்சா பூட்ச்சு" என்று டேவிட் அதை முன்பின்னாகத் திருப்பி இடது பக்கம் பொருத்தினார். இடம் போதவில்லை. அங்கே இருந்த டைனமோவைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"டைனமோ இல்லன்னா பேட்டரி சார்ஜ் ஏறாதேப்பா" என்றார் என் கணவர்.

"கண்ணாலத்துக்கு ஒரு தபா ஸ்டார்ட் ஆனா போதும் சார். ஒரு தபாக்கு பேட்டரி தாங்கும். இதுக்கு போயி பேஜார் ஆவறியே."

முதல் முறை சாவியைத் திருகிய அன்று நானும் ஷெட்டில் இருந்தேன். இன்ஜின் விக்கியது. பிறகு 'டமால்' என்றது. மேலே நீட்டியிருந்த வாயிலிருந்து பெட்ரோல் புகையும் தீயும் ஒன்றாகப் பீச்சியடித்தன. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த டேவிட்டின் ஒரு பக்கப் புருவம் காணாமல் போனது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன.

"ஒண்ணியும் இல்ல சார், டைமிங்கு" என்றார் டேவிட். டைமிங்கை மாற்றினார்கள். டமால். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினார்கள். டமால். சில நாட்கள் இப்படியே போயின. கல்யாண வெடி வெடிப்பதை நாங்கள் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டு மாமி, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்களா என்று விசாரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவருடைய மூச்சில் சந்தேகம் வந்தால் மூக்குக்கு எதிரே ஓர் இழை பஞ்சைப் பிடித்துப் பார்ப்பது என் சீனியர் நர்ஸுகள் காலத்துப் பழக்கம். பஞ்சுக்குப் பதிலாக ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன்.

"பெட்ரோல் விடாதீங்க. சும்மா சுத்த மட்டும் வைங்க" என்று சொல்லி, தாளை அந்த வாய்க்கு நேரே பிடித்தேன். உள்ளே போக வேண்டிய தாள் என் கையிலிருந்து பறந்து டேவிட்டின் நெற்றியில் ஒட்டியது.

"இது மூச்ச வெளிய விடுது. உள்ள இழுக்கல" என்றேன்.

முன்பின்னாகத் திருப்பி வைத்ததில் சுழலும் திசையும் திரும்பிவிட்டது. இன்ஜினுக்குள் காற்றைத் தள்ள வேண்டிய கருவி, உள்ளே இருந்த காற்றையும் பிடுங்கிக்கொண்டிருந்தது. டேவிட் நெற்றியிலிருந்து தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அத்தான் சிஸ்டர் நானும் ஃபர்ஸ்ட்லேர்ந்து நென்ச்சிகினே இருந்தேன்" என்றார்.

நடுவில் ஒரு ஜோடி பல்சக்கரத்தைச் சேர்த்துத் திசையை மாற்றினார்கள். இந்தத் தடவை டிஷ்யூ தாள் லபக்கென்று உள்ளே போனது. கூடவே என் புடவைத் தலைப்பும் கொஞ்சம் போனது. வாயைத் திறந்து வைத்தால் ஆபத்து, ஏதாவது வலை கட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் சல்லடை காணாமல் போனது.

மணல் மூட்டை மணப்பெண்

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஒத்திகை. கயலையே ஏற்றிக்கொண்டு போய்ப் பாருங்களேன் என்றேன்.

"நின்னுட்டா சத்தியம் அப்பவே பலிச்சுடும்" என்று என் கணவர் பயந்தார்.

அதனால் பக்கத்து சீட்டில் கயலின் எடைக்கு ஒரு மணல் மூட்டையை ஏற்றினார். தொழிலே அதுதான் என்பதால் தாராளமாகவே அள்ளிப் போட்டார். பட்டுப் புடவைக்குக் கொஞ்சம், நகைக்குக் கொஞ்சம், தலையில் வைக்கிற பூவுக்கு ஒரு கைப்பிடி என்று சேர்த்துக்கொண்டே போனார். மூட்டை சரியாமல் இருக்க, கயலின் பழைய துப்பட்டாவால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார். அந்த நேரம் பார்த்துக் கயல் வெளியே வந்தாள். மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நான் இவ்ளோ குண்டாப்பா?"

"இல்லம்மா, அது நகை."

விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்பிப் போனார். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பார்த்தபடியே இருந்தும் பால் பொங்கி வழிந்தது. போன் அடித்தது.

"விஜி" என்றார். "நான் கிழக்குத் தாம்பரத்துலேர்ந்து பேசறேன்."

துபாய்க்குப் போய் இறங்கியவர் முதல் போன் பண்ணுவதுபோல் இருந்தது. பாலத்தில் ஏறியது மட்டுமில்லையாம், ஒரு பஸ்ஸையும் முந்தினாராம். துப்பட்டா போட்ட மூட்டையைப் பார்த்துக் கண்டக்டர் வாயில் விசிலை வைத்தபடியே ஊத மறந்துவிட்டாராம்.

"வண்டிய அணைச்சுட்டீங்களா?"

"அணைப்பேனா? அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாதே. ஓடிட்டே இருக்கு, கேளு" என்று போனை நீட்டினார் போல. ஒரு இரைச்சல் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வழிந்த பாலைத் துடைக்க மறந்து அப்படியே நின்றிருந்தேன்.

நடுப்பாலம்

பெண் அழைப்பு சாயங்காலம். முன்னால் ஒரு குட்டியானை மினி லாரியில் பேண்ட் வாத்தியக்காரர்கள். அடுத்து எங்கள் கார். அரக்குப் பட்டில் கயல், வெள்ளை வேட்டி சட்டையில் அவள் அப்பா. பின்னால் வேனில் நானும் கோமளா அக்காவும் மற்ற பெண்களும். டேவிட் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார், பந்தியில் முதல் ஆளாக உட்காருவதற்காக.

கோயிலிலிருந்து பாலம்வரை நடை வேகம்தான். கார் சமர்த்தாக ஊர்ந்து வந்தது. முடிச்சூர் சாலையில் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கயல் எல்லாருக்கும் கையசைத்தாள். நான் அலங்கரித்து அனுப்பிய பெண் தேர் மாதிரி போவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கோமளா அக்காவும் பூரிப்பாக இருந்தார். "வண்டி முழுக்கப் பூ வெச்சுட்டு அது ஒண்ணு மட்டும் மொட்டையா நீட்டிக்கிட்டு இருந்துச்சு விஜயா. அமங்கலமா இருக்கேன்னு நான்தான் ஒரு முழம் மல்லி சுத்தினேன். நெருக்கமா கட்டின சரம்."

"எது மொட்டையா இருந்துச்சு?"

"அதான், காத்த அரைக்கிற கிரைண்டர். அந்த வாயில, சல்லடை மேல."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தின் ஏற்றம் ஆரம்பித்திருந்தது. அவர் ஆக்சிலேட்டரை மிதித்திருப்பார், கார் ஒரு உறுமலோடு முன்னால் பாய்ந்தது. நடை வேகத்தில் போகும்வரை கருவி மெல்லத்தான் மூச்சு இழுத்திருக்கும். இப்போது முழு நெஞ்சால் இழுக்கும்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். யாரை நிறுத்தச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் வேன் டிரைவர் நிறுத்திவிட்டார்.

கார் பாதித் தூரம் பறந்தது. இருமியது. இழுத்தது. கீழே மின்சார ரயில் போவது தெரிகிற இடத்துக்கு வந்து, பெருமூச்சு விட்டு நின்றது. பேண்ட் வண்டி எதுவும் தெரியாமல், வாசித்தபடியே உச்சியைத் தாண்டி இறங்கிப் போய்விட்டது.

நான் வேனிலிருந்து இறங்கி ஓடினேன். நேரே முன்னால் போய்ப் பார்த்தேன். ஒரு முழம் மல்லியும் சல்லடையில் அப்பி, வடகம் காயவைத்தது மாதிரி தட்டையாகியிருந்தது. ஒரு பொட்டுக் காற்றுப் போக வழியில்லை. சல்லடை மட்டும் இல்லையென்றால் மொத்தச் சரமும் இன்ஜினுக்குள் போயிருக்கும். நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

"உங்க கண்ணு முன்னாடிதானே இருந்துச்சு? எடுத்திருக்கக் கூடாதா?"

"அக்கா வெச்ச பூ விஜி. நல்ல காரியத்துல எப்படி எடுக்கறது?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவியைத் திருகினார். 'டிக்' என்று ஒரு சத்தம். பேட்டரியில் இருந்த ஒரு தபா, கோயில் வாசலிலேயே செலவாகியிருந்தது.

வழக்கம்போல வலது மட்கார்டுக்குப் போனேன். போன பிறகுதான் பார்த்தேன், இடது மட்கார்டில் கயல் ஏற்கெனவே நின்றிருந்தாள். கதவைத் திறக்காமல் தாண்டிக் குதித்திருக்கிறாள். பட்டுப் புடவையை இடுப்பில் சொருகி, ஒட்டியாணத்தை மேலே ஏற்றி, இரண்டு கையையும் பின்பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"நியூட்ரல்ப்பா!" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முதலில் அவள்தான் சிரிக்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்த பஸ்ஸில் யாரோ கைதட்டினார்கள்.

ஒரு டிராபிக் போலீஸ்காரர் ஓடிவந்தார். "என்னம்மா இது, கல்யாணப் பொண்ணே தள்றீங்க?"

"இது எங்க வீட்டு வழக்கம் சார்" என்றாள் கயல்.

அவர் என்ன நினைத்தாரோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து கை வைத்தார். கோமளா அக்கா வேனிலிருந்து இறங்கிவந்து, வழக்கம் என்றால் முறையாக இருக்கட்டும் என்று போலீஸ்காரர் நெற்றியில் குங்குமம் வைத்தார். நான்கு பேருமாகத் தள்ளினோம்.

உச்சிக்கு வந்ததும் என் கணவர் பிரேக்கைப் பிடித்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சொன்னா சொன்னதுதான் கயலு. நாளான்னைக்கே குடுத்துடறேன்."

கயல் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். நெற்றிச் சுட்டி காது வரைக்கும் போயிருந்தது.

"எனக்குக் குடு" என்றாள்.

"என்னது?"

"குடுத்துடணும்னுதானே சொன்னேன். எனக்குக் குடு. இத்தனை வருஷம் தள்ளியிருக்கேன்ல?"

அவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "அப்பா, அழறதுன்னா மண்டபத்துல அழு. ஆரத்தித் தட்டோட நிக்கறாங்க. செகண்ட் போடு" என்று சொல்லிவிட்டு அவள் தாவி ஏறினாள். நாங்கள் ஒரு தள்ளுத் தள்ளினோம். கார் சரிவில் உருண்டது. கீழ்வளைவில் இன்ஜின் பிடித்துக்கொண்டு கர்ஜித்தது. புகையில் மல்லி வாசம் வந்ததாகக் கோமளா அக்கா இன்றைக்கும் சாதிக்கிறார்.

மறுமுனை

கயலும் மாப்பிள்ளையும் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறார்கள். கார் அவர்கள் அடுக்குமாடியின் கீழே நிற்கிறது. மாப்பிள்ளையின் புது பைக் வெளியே மழையில் நிற்கிறது. டேவிட் டைனமோவுக்கு வேறு இடம் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி ஃபில்டர் வரவே இல்லை.

ஊரப்பாக்கத்திலிருந்து முடிச்சூருக்கு வர அந்த மேம்பாலத்தில் ஏற வேண்டியதே இல்லை. மேற்கிலேயே வந்துவிடலாம். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றவள் வெகுநேரமாகியும் வரவில்லை. என் கணவர் வாசலுக்கும் காலியான ஷெட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். போன் அடித்தது.

"அம்மா, நான் கிழக்குத் தாம்பரத்துலேர்ந்து பேசறேன்" என்றாள். சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. "அப்பாகிட்ட குடு."

கொடுத்தேன்.

"யாரும்மா தள்ளினாங்க?" என்று கேட்டார்.

அவள் சொன்னதைக் கேட்டு, "யாருமே தள்ளலியா?" என்று மறுபடியும் கேட்டார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். என்னங்க, என்ன ஆச்சு என்று கேட்டேன். போனை என்னிடம் நீட்டினார். அவள் தன் போனைச் சல்லடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம்.

நானும் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டேன். மூச்சு சீராக இருந்தது.